இருபது தண்டால்

ஜூன் 3, செவ்வாய்

பிள்ளைகளைத் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லி மூன்று மாதமாக நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று வெண்பா என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்: “நீங்க எழுதுறீங்களா மாஸ்டர்?” ஏழு வயசு, வெள்ளை பெல்ட், பயம் என்பது கிடையாது. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அது பொய். பொய்யை உண்மையாக்குவதற்காக இன்று போய் ஒரு டைரி வாங்கி வந்தேன். ஜூன் மாதத்தில் டைரி கேட்கிற ஆளைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

சரி, முறையாகவே ஆரம்பிக்கிறேன். நான் தனுஷ்கோடி. போடியில் ஏலக்காய் குடோன் மாடியில் நேர்வழி கராத்தே பள்ளி நடத்துகிறேன். கீழே ஏலக்காய் மூட்டைகள் இருப்பதால் எங்கள் பிள்ளைகள் வேர்த்தாலும் ஹால் மணக்கும். வாசல் பலகையில் ‘ஒழுக்கம் முதலில், அடி பிறகு’ என்று நானே யோசித்து எழுத வைத்தேன். எழுதிய பெயிண்டர், ‘அடி பிறகு’ என்பதைக் கொஞ்சம் பெரிசாக எழுதிவிட்டான்.

இங்கே கூட்டிப் பெருக்க ஆள் கிடையாது. அதுதான் என் பெருமை. ஐந்து மணிக்கு எல்லாரும் வர வேண்டும். கால் மணி நேரம் துடைப்பம், ஈரத்துணி, வாளி. டாக்டர் பிள்ளையும் துடைக்கும், டீக்கடைக்காரர் பிள்ளையும் துடைக்கும், நானும் துடைப்பேன். ஐந்தே காலுக்கு பெல்ட் வரிசைப்படி நின்று குனிந்து வணங்கி வகுப்பைத் தொடங்குவோம். கருப்பு பெல்ட் முன்னால், வெள்ளை பெல்ட் கடைசியில். வணக்கம் முடிந்தபின் வருகிறவர் யாராக இருந்தாலும் வாசலிலேயே இருபது தண்டால் எடுத்துவிட்டுக் கடைசியில் போய் நிற்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் கேட்பதில்லை. கேட்டால் சொல்லத் தொடங்கிவிடுவார்கள், அப்புறம் கதை கேட்கத்தான் நேரம் இருக்கும்.

இன்றும் நாகஜோதி லேட். கருப்புக்கு ஒரு படி கீழே பிரவுன் பெல்ட், பதினேழு வயசு, இந்தப் பள்ளியில் அவள் போடுகிற உதையை இன்னொருவர் போட முடியாது. அவளுக்கும் இருபதுதான். வாய் திறக்காமல் எடுத்தாள். எழுந்தபோது தரையில் இரண்டு உள்ளங்கையும் ஈரமாகப் பதிந்திருந்தன. வெள்ளை பெல்ட் பொடிசுகளுக்குப் பின்னால் பனைமரம் போலப் போய் நின்றாள். சட்டம் எல்லாருக்கும் ஒன்று.

ஜூன் 5, வியாழன்

மழை. கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது. வாளி வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சண்டைப் பயிற்சி. யாரும் வாளியைத் தட்டிவிடவில்லை, நான்தான் தட்டினேன்.

ஜூன் 9, திங்கள்

மதுரையிலிருந்து பரீட்சகர் போன் செய்தார். கருப்பு பெல்ட் தேர்வு ஆகஸ்ட் 17, இங்கேயே வந்து நடத்துவாராம். என் பள்ளியில் இருந்து ஒரே பெயர்தான் கொடுத்தேன், நாகஜோதி. தேறினால் எங்கள் பள்ளியின் முதல் பெண் கருப்பு பெல்ட். சொந்தப் பெண் இல்லாத குறையை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதுவதில் தப்பில்லை.

கராத்தே உடைகளைத் தைப்பது என் மனைவி கோமதி. தேர்வுக்குப் புது உடை தைக்க ஜோதியை அளவெடுத்துவிட்டு வந்து கேட்டாள்:

“ஏங்க, அந்தப் பிள்ளை பேண்ட் மட்டும் கீழ எப்பவும் ஈரமா இருக்கே, ஏன்?”

“நல்லாத் துடைக்கிற பிள்ளை. மத்ததுக மாதிரி பேருக்குத் துணியைத் தடவாது.”

“தரை துடைச்சா முட்டியில்ல நனையணும்?”

நான் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14, சனி

இன்று ஒரு அப்பா, வங்கி மேலாளர், மகனைச் சேர்க்க வந்தார். பாத்ரூம் போய்விட்டு வந்து, “எங்க பேங்க்ல கூட இவ்வளவு சுத்தமா இல்ல மாஸ்டர், யாரு ஆள்?” என்று கேட்டார். ஆளே கிடையாது, எல்லாம் பிள்ளைகள்தான் என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. மகனை உடனே சேர்த்துவிட்டார்.

அவர் நிற்கும்போதே நாகஜோதி மறுபடியும் லேட். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. புது ஆள் முன்னால் மானம் போகிறதே என்று நினைத்திருக்கலாம். “கருப்பு பெல்ட் கேக்கிற பிள்ளைக்கு நேரம் தெரிய வேண்டாமா? இந்தக் கடைசியில நிக்கிற பொடிசுக உன்னைப் பாத்துத்தான கத்துக்கிடும்?” என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன்.

“சரி மாஸ்டர்” என்றாள். இருபது எடுத்தாள். எண்ணிக்கையை மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

ஜூன் 17, செவ்வாய்

நாகஜோதி வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இன்றும் வரவில்லை. போன் செய்தால் அவள் அம்மா ஈஸ்வரி எடுத்து, “தலைவலின்னு படுத்திருக்கு சார்” என்கிறார். நாலு நாளாகவா தலை வலிக்கும்? தேர்வு நெருங்கினால் சிலருக்கு இப்படி ஆகும். தனியாகக் கூப்பிட்டுப் பயத்தைத் தெளிவிக்க வேண்டும். நான் நல்ல வார்த்தை சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்கும்.

ஜூன் 21, சனி

பாத்ரூமில் வாடை. பிரசன்னாவிடம் யார் முறை என்று கேட்டேன். பிரசன்னா என்னுடைய முதல் கருப்பு பெல்ட், காலேஜ் இரண்டாம் வருஷம். நான் சொன்னதும் செய்வான், சொல்லாததையும் செய்வான். துடைக்கிற வேலையைப் பிரித்துக் கொடுப்பது அவன் பொறுப்பு. “பாத்துக்கிறேன் மாஸ்டர்” என்றான்.

ஜூன் 24, செவ்வாய்

பார்த்துக்கொள்ளவில்லை. வாடை ஹால் வரைக்கும் வந்துவிட்டது, ஏலக்காய் தோற்றுப்போய்விட்டது. ஒரு சின்னப் பையன் உள்ளே போக மாட்டேன் என்று அடக்கிவைத்து, கடைசியில் அடிமுறை வரிசையான கட்டா செய்யும்போது உடையிலேயே போய்விட்டான். அழுதுகொண்டே நின்றான். அவனைக் கழுவி, என் துண்டைக் கட்டிவிட்டு அனுப்பினேன்.

எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டேன். “இன்னைக்குப் பாத்ரூம் யார் முறை?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பயம் இல்லை, நான் ஏதோ புரியாத கேள்வி கேட்டுவிட்டது மாதிரி இருந்தது. வெண்பாதான் சொன்னாள்:

“ஜோதி அக்கா வரலையே மாஸ்டர்.”

“ஜோதி அக்கா வரலைன்னா வேற ஆள் இல்லையா?”

“பாத்ரூம் ஜோதி அக்காதான மாஸ்டர்?”

சின்னப் பிள்ளை பேச்சு. எல்லாரையும் நன்றாகத் திட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பினேன்.

கீழே இறங்கும்போது ராஜகோபால் அண்ணன் பிடித்துக்கொண்டார். பிரசன்னாவின் அப்பா, குடோனுக்கும் எங்கள் மாடிக்கும் உரிமையாளர். “எதுக்கு தனுஷ்கோடி இந்தத் தொல்லை? நானே ஒரு ஆளைப் போடுறேன். அந்த ஜோதிப் பிள்ளையோட அம்மா நகராட்சியில அந்த வேலைதான பாக்குது, சாயங்காலம் ஒரு நடை வந்து கழுவிட்டுப் போகட்டும்” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். யோசிப்போம் அண்ணே என்றேன்.

யோசிப்போம் என்று ஏன் சொன்னேன்? ஆள் வைக்க மாட்டேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறவன் நான்தானே.

ஜூன் 25, புதன்

இன்று நடந்ததை எழுத எனக்கு இஷ்டமில்லை. எழுதுகிறேன்.

நாலே முக்காலுக்கே போனேன். பிரஷ், பிளீச்சிங் பவுடர், வாளியோடு பாத்ரூமுக்குள் நுழைந்தேன். மற்றவர்கள் வந்து ஹாலைத் துடைக்கிற சத்தம் கேட்டது, சிரிப்பும் கேட்டது. எட்டு நாள் அழுக்கு லேசில் போகவில்லை. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது, ஒரு வாளி நிரம்ப நிற்க வேண்டும். கழுவி, ஊற்றி, மறுபடி கழுவி, கை கால் சோப்புப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது ஐந்தே கால் தாண்டியிருந்தது. பேண்ட் கணுக்கால் வரை நனைந்து காலோடு ஒட்டியது.

நான் பக்கத்துக் கடைக்குப் போயிருப்பேன் என்று நினைத்து பிரசன்னாவே வகுப்பைத் தொடங்கியிருந்தான். வணக்கம் முடிந்துவிட்டது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவன், வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டதும் திரும்பாமலே சொன்னான்:

“லேட். இருபது.”

அந்த வார்த்தை அவன் வாயில் எவ்வளவு பழகிப்போயிருந்தது என்பதை இன்றுதான் கேட்டேன். வாசல் பக்கமிருந்து தினமும் யார் வருவார் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஹாலுக்குப் பின்னால் பாத்ரூம், பாத்ரூமிலிருந்து வந்தால் வாசல் வழியாகத்தான் ஹாலுக்குள் வர முடியும்.

அவன் திரும்பிப் பார்த்து வெலவெலத்துப் போனான். நான் வாசலிலேயே குனிந்து இருபது எடுத்தேன். என் கை இரண்டும் தரையில் ஈரமாகப் பதிந்தன. எழுந்து கடைசியில் வெண்பாவுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் முன்னால் நிற்பவர்களின் பின்மண்டை மட்டும்தான் தெரிகிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பத்தாறு வயசில் இப்படி வெட்கப்பட்டதில்லை.

வகுப்பு முடிந்ததும் பிரசன்னாவைக் கூப்பிட்டேன்.

“பாத்ரூமை ஜோதிக்குன்னு யாருடா ஒதுக்குனது?”

அவன் தரையைப் பார்த்தான். “நீங்கதான் மாஸ்டர்.”

“நானா?”

“ஜோதி சேந்த முதல் வாரம். ‘அந்தப் பிள்ளைக்குப் பழக்கமா இருக்கும், அது பாத்துக்கட்டும்’னீங்க. அதுக்கப்புறம் யாரும் மாத்தலை.”

நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று அவனிடம் சொன்னேன். வண்டியில் வரும் வழியெல்லாம் அதையே எனக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன். வீடு வந்து சேர்ந்தபோது அதை நம்ப ஆள் இல்லை.

ஜூன் 26, வியாழன்

கோமதியிடம் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“பேண்ட் ஈரமா இருக்குன்னு சொன்னேன்ல?”

“சொன்ன.”

“பேப்பர்ல அப்படி என்ன போட்டிருந்துச்சு?”

கத்தரிக்கோலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

கோமதியும் நானும் நாகஜோதி வீட்டுக்குப் போனோம். இரண்டு வருஷமாக என் மாணவி, இன்றுதான் அவள் தெருவுக்குள் என் வண்டி நுழைகிறது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஈஸ்வரி பிளாஸ்டிக் நாற்காலி இரண்டைத் துடைத்துப் போட்டார். துடைக்காதீர்கள் என்று சொல்ல வந்து விட்டுவிட்டேன், இனி எதைச் சொன்னாலும் தப்பாகிவிடும் என்று பயம். டீ கொடுத்தார். ஜோதி உள்ளே கதவோரம் நின்றாள், வெளியே வரவில்லை.

ஈஸ்வரி சுற்றி வளைக்கவில்லை. “குடோன் முதலாளி வீட்ல இருந்து ஆள் வந்துச்சு சார். கராத்தே ஸ்கூல்ல பாத்ரூம் கழுவ வரணும்னு. எம்பிள்ளை படிக்கிற எடத்துல நான் எதுக்குன்னு கேட்டேன். ‘இத்தனை நாள் உன் பிள்ளைதான பாத்துச்சு’ங்கறான்.” சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டார். “இந்த வேலை என்னோட போகட்டும்னுதான் சார் அவளை அங்க அனுப்புனேன்.”

கோமதி அழுதுவிட்டாள். நான் டீயைக் கையிலேயே வைத்திருந்தேன்.

“தப்பு என்மேலதாம்மா” என்றேன். “வேற யாரும் இல்ல. நான்தான் சொன்னேன், நான்தான் பாக்கலை.”

அப்போதுதான் ஜோதி வெளியே வந்தாள்.

“கழுவுனது எனக்குப் பெருசில்ல மாஸ்டர். எல்லாரும் ஏதோ ஒண்ணு செய்றாங்க, நானும் ஒண்ணு செய்றேன்னுதான் நெனச்சேன். கழுவிட்டு வந்ததுக்கு இருபது எடுக்கச் சொன்னீங்கள்ல, அதுதான். காரணம் சொல்லக் கூடாதுன்னு வேற சொல்லிட்டீங்க.”

இதைவிட ஒரு உதை வாங்கியிருக்கலாம். அவள் உதை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“இனிமே அந்தப் பக்கமே நீ போக வேண்டாம் ஜோதி. எந்தக் காலத்துலயும். நான் வாக்குத் தர்றேன்.”

அவள் தலையை ஆட்டினாள், சரி என்கிற ஆட்டல் இல்லை. “எனக்கு மட்டும் வேண்டாம்னா அதுவும் அதேதான மாஸ்டர்? அப்பவும் எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க. முறை வந்தா நானும் செய்வேன். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கணும்.”

தேர்வுக்கு வருவாயா என்று கேட்டேன். “பாக்குறேன்” என்றாள். டீ ஆறிப்போயிருந்தது, ஒரே மூச்சில் குடித்தேன்.

ஜூன் 30, திங்கள்

எல்லாரையும் உட்காரவைத்தேன். நடந்ததைச் சொன்னேன். பொடிசுகளுக்கும் புரிகிற மாதிரி, என் பெயரை வைத்தே சொன்னேன். பிரசன்னா பெயரைச் சொல்லவில்லை, ஆனால் அவன் காது சிவந்துவிட்டது.

புது முறை இதுதான். பாத்ரூம் வேலை மேலிருந்து கீழே வரும். உயர்ந்த பெல்ட் முதலில். முதல் வாரம் நான், அடுத்த வாரம் பிரசன்னா, அப்படியே பெல்ட் வரிசையில் பச்சை பெல்ட் வரை ஆறு பேர். பிறகு மறுபடி நான். பாத்ரூம் பார்க்கிறவர் வந்து தன் இடத்தில் நிற்கும்வரை யாரும் வணங்கக் கூடாது. லேட்டாக வருகிறவரிடம் இனிமேல் ஏன் என்று கேட்பேன். கதை சொன்னால் கதை கேட்பேன்.

வெண்பா கை தூக்கினாள். “வெள்ளை பெல்ட்டுக்குக் கிடையாதா மாஸ்டர்?”

“கிடையாது. நீ இன்னும் பெரிய ஆளாகலை.”

அவளுக்கு முகம் விழுந்துவிட்டது.

ஜூலை 3, வியாழன்

பெற்றோர் சிலர் வந்தார்கள். வங்கி மேலாளர் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பையன் படியிறங்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தான். இன்னும் இரண்டு பேர் வரவில்லை.

ராஜகோபால் அண்ணன் மேலே ஏறி வந்தார். அவர் மாடிக்கு வருவதே வருஷத்துக்கு ஒருமுறை.

“அடுத்த வாரம் என் பையன் கக்கூஸ் கழுவணுமாமே?”

“ஆமாண்ணே. இந்த வாரம் நான் கழுவுறேன்.”

“நீங்க என்னமும் கழுவுங்க. ஊர்ல நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?”

“இத்தனை நாள் ஜோதி கழுவுச்சே, அப்ப நாலு பேர் கேக்கலையாண்ணே?”

இதைக் குரல் உயர்த்தாமல்தான் கேட்டேன். “ஹால் என்னோடதுங்கிறதை ஞாபகம் வச்சுக்கங்க” என்று சொல்லி இறங்கிவிட்டார்.

பயமாகத்தான் இருக்கிறது. வேறு இடத்துக்கு எங்கே போவேன்? ஆனாலும் இன்று கட்டா செய்தபோது என் கால்கள் நன்றாக ஊன்றி நின்றன. ரொம்ப நாளாக இப்படி இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

நாளை பிரசன்னா முறை. வருவானா? நான் போன் செய்யவில்லை. இரண்டு தடவை போனைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்தேன்.

ஜூலை 7, திங்கள்

வந்தான். மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, கொள்ளைக்காரன் மாதிரி உள்ளே போனான். ஒரு பாட்டில் பினாயில் முழுவதையும் ஊற்றிவிட்டான். உள்ளே வழுக்கி விழுந்த சத்தம் ஹால் வரை கேட்டது. சிரிப்பை அடக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாரும் வரிசையில் காத்து நின்றோம். தலையிலிருந்து கால் வரை நனைந்து வெளியே வந்து தன் இடத்தில் நின்றான். வணங்கினோம்.

முடிந்ததும் கேட்டேன். “அப்பா என்னடா சொன்னார்?”

“திட்டினார் மாஸ்டர். ஹாலைப் பூட்டிருவேன்னார். பூட்டுனா நம்ம வீட்டு மொட்டை மாடியில வச்சுக்கிறோம்னு சொன்னேன். அதுவும் அவரோடதுதான்னு அப்புறமாத்தான் ஞாபகம் வந்துச்சு.”

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

“ரெண்டு வருஷம் தினமும் நான்தான மாஸ்டர் லேட்னு சொன்னேன். அது எங்கருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்.” கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தான். “ஜோதி வீட்டுக்குப் போயிட்டு வந்தேன் நேத்து.”

என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

நாகஜோதி வந்தாள்.

ஐந்து மணிக்கு வந்து, மற்றவர்களோடு ஹாலைத் துடைத்தாள். வெண்பா போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. பிரசன்னா பாத்ரூமிலிருந்து வரும்வரை வரிசையில் நின்றாள். உதை இன்னும் உயரமாகப் போகிறது. வீட்டில் பழகியிருக்கிறாள், தலைவலியோடு.

எனக்கு இருந்த சந்தோஷத்தில் வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன்.

ஜூலை 12, சனி

அல்வா செரிக்கவில்லை. வரிசையை இப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். நான், பிரசன்னா, அதற்கு அடுத்தது யார்? பிரவுன் பெல்ட் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. திங்கள்கிழமை அவள் முறை.

எப்படிப்பட்ட மடையன் நான். அவள் வராமல் இருந்தபோது முறை போட்டேன். அவள் வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. அவள் திரும்பி வந்த மூன்றாம் நாள் அவள் கையில் பிரஷ்ஷைக் கொடுக்கப் போகிறேன். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஈஸ்வரி என்ன நினைப்பார்?

ஜூலை 13, ஞாயிறு

அடுத்த வாரம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அறிவித்துவிடலாம் என்று கோமதியிடம் சொன்னேன். என் கையில் சுளுக்கு, பிரஷ் தேய்ப்பது அதற்குப் பயிற்சி என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

“அந்தப் பிள்ளை உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?”

“முறைன்னு ஒண்ணு இருக்கணும்னு.”

“இப்ப இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்ப முறையை எடுத்துட்டு என்ன குடுக்கப் போறீங்க, இரக்கமா?”

பட்டன் தைத்துக்கொண்டே சொன்னாள். ஜோதியின் தேர்வு உடை அது.

ஜூலை 14, திங்கள்

நான் ஒன்றும் அறிவிக்கவில்லை. நாலே முக்காலுக்கே போய் ஹாலின் முன்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

ஜோதி வந்தாள். செருப்பைக் கழற்றிவைத்தாள். மூலையிலிருந்த வாளியையும் பிரஷ்ஷையும் எடுத்தாள். ஹாலில் துணி தேய்க்கிற சத்தம் நின்றுபோனது. அவள் எங்களைப் பார்த்து, “என் முறைதான?” என்றாள்.

“ஆமா ஜோதி” என்றேன்.

உள்ளே போய்விட்டாள். ஐந்தே கால் ஆனது. வரிசையில் நின்றோம். பிள்ளைகள் யாரும் கிசுகிசுக்கவில்லை. குழாயில் தண்ணீர் நூலாக விழுகிற சத்தம் கேட்டது, வாளி நிரம்புகிற சத்தம் கேட்டது, பிரஷ் தேய்க்கிற சத்தம் கேட்டது. இரண்டு வருஷம் இந்தச் சத்தத்தின் மேலேதான் நாங்கள் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். இன்று அது முடியும்வரை நின்றோம். கீழிருந்து ராஜகோபால் அண்ணன் படியில் பாதி ஏறி வந்து, ஏன் சத்தமே இல்லை என்று எட்டிப் பார்த்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அவரும் படியிலேயே நின்றார்.

ஜோதி வெளியே வந்தாள். பேண்ட் கீழே நனைந்திருந்தது. பழக்கத்தில் கால் தானாக வாசலோரமாகக் கடைசி வரிசைக்குத் திரும்பியது. வெள்ளை பெல்ட்டுகள் தாண்டி, வெண்பாவுக்குப் பின்னால் போகப் போனாள்.

வெண்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, உங்க எடம் அங்க இருக்கு.”

முன்வரிசையில் பிரசன்னாவுக்கு அடுத்து ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் சொல்லவில்லை, யார் சொன்னார்கள் என்றும் தெரியாது. ஜோதி எல்லாரையும் தாண்டி முன்னால் வந்து நின்று, ஈரக்கையை உடையில் துடைத்துக்கொண்டாள்.

வணங்கினோம். நிமிர்ந்தபோது எனக்குக் கண் மறைத்தது, வேர்வை என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். படியில் பார்த்தேன், ராஜகோபால் அண்ணன் போயிருந்தார்.

ஜூலை 19, சனி

ராஜகோபால் அண்ணன் ஆளை அனுப்பியிருந்தார். ஹாலைப் பூட்டத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். பிளம்பராம். பாத்ரூம் குழாயை மாற்றிவிட்டுப் போனான். இப்போது வாளி நொடியில் நிரம்புகிறது. அண்ணன் என்னிடம் இன்னும் பேசவில்லை. பேசும்போது பேசட்டும்.

ஜூலை 28, திங்கள்

இந்த வாரம் டாக்டர் மகன் முறை. டாக்டரே போன் செய்து, மகனுக்குக் கையுறை கொடுத்து அனுப்பலாமா என்று கேட்டார். எல்லாருக்கும் சேர்த்து அனுப்புங்கள் என்றேன். ஒரு பெட்டி வந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தேர்வு நாள். ஆறு பேர் சுற்று முடிந்து இந்த வாரம் மறுபடி என் முறை. ஞாயிற்றுக்கிழமை, பெரிய மனிதர் வருகிறார், விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதை ஒத்துக்கொள்கிறேன், செய்யவில்லை.

பரீட்சகர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். நான் உள்ளே பிரஷ்ஷோடு இருந்தேன். வெளியே அவர் குரல் கேட்டது.

“எல்லாரும் நிக்கிறீங்க, ஏன் இன்னும் ஆரம்பிக்கலை? மாஸ்டர் எங்க?”

“பாத்ரூம் கழுவுறார் சார்” என்று ஜோதியின் குரல்.

“ஏன், ஆள் வரலையா?”

“அவர்தான் சார் ஆள். இந்த வாரம் அவர் முறை.”

நான் அவசரப்படாமல் கடைசி வாளியை ஊற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, நனைந்த பேண்டோடு வெளியே வந்தேன். முன்வரிசையின் ஓரத்தில் மதுரைக்காரர் ஷூவைக் கழற்றிவிட்டு, பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து நின்று காத்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு வெளியே படியில், பிள்ளையின் தேர்வைப் பார்க்க ஈஸ்வரி புதுச்சேலையில் உட்கார்ந்திருந்தார். கோமதி அவர் பக்கத்தில் இருந்தாள்.

என் இடத்துக்கு நடந்தேன். நாகஜோதி என் ஈரப் பேண்டைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“லேட் மாஸ்டர்” என்றாள். “ஏன்னு சொல்லுங்க.”

நான் சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள். அதன் பிறகு வணங்கிவிட்டுத் தேர்வைத் தொடங்கினோம்.